பதினோரு மணி நேர மோதல்

கண்ணை மூடித் திறப்பதற்குள் என் கணவர் இன்னொருத்தியோடு பதினோரு மணி நேரம் இருந்துவிட்டு வந்துவிடுவார். மாதத்துக்கு இரண்டு முறை இது நடக்கும். அந்தப் பதினோரு மணி நேரத்தை அளந்து கொடுப்பவளே நான்தான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நிலவில் நாங்கள் குடியிருக்கும் பள்ளத்துக்கு ஏதோ நீளமான அரசாங்கப் பெயர் உண்டு. நாங்கள் குழிப்பட்டி என்றுதான் சொல்வோம். மேலே சுற்றிக்கொண்டிருக்கும் நிலையத்திலிருந்து சாமான் இறக்க முன்பெல்லாம் ராக்கெட்டை எதிர்ப்பக்கம் எரித்து வேகத்தைக் குறைப்பார்கள். இங்கே காற்று கிடையாது, பாராசூட் விரியாது. கொண்டு வருகிற அரிசியைவிட எரிக்கிற எரிபொருள் அதிகமாகிவிடும். பிறகு நீட்டி என்கிற இயந்திரம் வந்தது. இப்போது பிரேக்கே கிடையாது. சாமான் கூண்டை அப்படியே விட்டுவிடுவோம். நொடிக்கு இரண்டரைக் கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஊருக்கு வெளியே இருக்கும் மணல் குழியில் மோதும். எங்கள் மேஜையில் இருக்கும் டீயில் ஒரு வளையம் ஓடும், அவ்வளவுதான்.

வெளியே இருக்கிற எங்களுக்கு அது ஒரு இமைப்பு. கூண்டுக்குள் இருக்கிற இரண்டு பேருக்கு அந்த இமைப்பைப் பதினோரு மணி நேரமாக இழுத்துவிடுகிறது நீட்டி. ஆரம்பத்தில் சாமானுக்குத் துணையாக ஒற்றை ஆளை அனுப்பினார்கள். அசையாத கூண்டில் தனியாக அவ்வளவு நேரம் உட்கார்ந்த ஒருவர் இறங்கி வந்து ஒரு வாரம் பேசவே இல்லை. அதிலிருந்து எப்போதும் இரண்டு பேர். முதல் இருக்கையில் என் கணவர் நல்லசிவம். இரண்டாவது இருக்கையில் தூத்துக்குடிக்காரி ஜெசிந்தா.

ஊருக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. மோதலுக்குள் என்ன நடந்தது, என்ன பேசினார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கக்கூடாது. கேட்டுக் கேட்டே மூன்று குடும்பங்கள் பிரிந்த பிறகு வந்த வழக்கம் அது. நல்ல வழக்கம்தான், அடுத்தவர் வீட்டுக்கு.

ஜெசிந்தா ஒருநாள் கேன்டீனில் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு என்மேல் எந்தக் கோபமும் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அம்புட்டு வேகத்துல போய் முட்டுதோம். அந்த அடி எங்கக்கா போவுது?”

“எங்கயும் போகாது. முழுசா உன் மேலதான் விழுது.”

“பெறவு ஏன் வலிக்கல?”

“ஒரு கொடம் தண்ணிய மொத்தமா தலையில கவுத்தா மூச்சு முட்டும். அதே கொடத்துல ஊசித் தொளை போட்டு நாள் முழுக்கச் சொட்ட விட்டா? தண்ணி அதே தண்ணிதான். மொத்தத் தண்ணிக்குப் பேரு கணத்தாக்கு. ஒரு நொடிக்கு எவ்வளவு விழுதுங்கது விசை. கணத்தாக்குல ஒரு சொட்டுகூட என்னால கொறைக்க முடியாது. நேரத்த நீட்டினா விசை கொறையும். சராசரி அரைக் கிலோகூட உன் நெஞ்சுல அமுக்காது. அதான் என் வேல.”

“சொட்டு ஒரே சீராவா விழும்?”

நல்ல கேள்வி கேட்டாள், பாவி. “இல்ல. மணலுக்கு அடியில ஒரு கெட்டியான அடுக்கு இருக்கு. கூண்டு அதத் தொடும்போதுதான் பாதி அடி வரும். பதினோரு மணி நேரத்துல நடுவுல ஒரு அரை மணி நேரம் நாலு கிலோ. அதுதான் உச்சம்.”

அவள் சிரித்துவிட்டாள். “அட, பூனை! நெஞ்சுல பூனை வந்து படுத்த மாதிரி இருக்கும்க்கா. அண்ணாச்சி அதுக்குப் பூனைன்னே பேரு வெச்சிருக்காங்க. பூனை வந்துட்டுன்னு சொன்னதும் ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டுக் கம்முன்னு படுத்துருவோம்.”

நான் போட்ட கணக்கின் உச்சத்துக்கு என் கணவர் பெயர் வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அன்றைக்கு நான் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. என்னை வயிற்றெரிச்சல் பிடித்து ஆட்டிய நாட்கள் அவை. அவருக்கு ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரிக்கத் தெரிந்திருந்தது, யார் கற்றுக்கொடுத்தது? காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார், எப்போதிலிருந்து? மோதலுக்கு முன் கேமராவில் பார்ப்பேன், வழவழவென்று சவரம் செய்த முகம். டீயில் வளையம் ஓடும். கூண்டு ஆறிக் கதவு திறக்கும்போது அதே முகத்தில் முள் தாடி. நான் பார்க்காமல் வளர்ந்த தாடி, அவள் பார்க்க வளர்ந்த தாடி.

நான் கணக்குப் பார்க்கிறவள். இதையும் பார்த்தேன். நாங்கள் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினாறு நிமிடம் பேசுகிறோம். அதில் பாதி தண்ணீர் வடிகட்டியைப் பற்றி.

போன மாதம் கதவு திறந்தபோது இரண்டு பேருக்கும் கண்கள் சிவந்திருந்தன. அழுது ஓய்ந்த சிவப்பு. ஜெசிந்தா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். வீட்டுக்கு வந்ததும் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“என்ன, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு?”

“தூசி” என்றார்.

கூண்டுக்குள் தூசி கிடையாது. காற்றை மூன்று முறை வடிகட்டி அனுப்பும் இடம் அது. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த மோதலுக்கான படிவம் என் மேஜைக்கு வந்தது. இனி எழுதப்போவதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

எங்கள் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான். சராசரி விசை. அது பத்துக் கிலோவுக்குள் இருந்தால் என் கைரேகை மட்டும் போதும், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். முன்பு உச்ச விசைக்கும் ஒரு கட்டம் இருந்தது. பதினோரு மணி நேரத்தில் உச்சம் எப்போதும் நாலு கிலோதானே, எதற்கு வீணாக என்று அதை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொன்னவள் நான்.

நேரத்தை நாற்பது நிமிடமாக மாற்றினேன். சராசரி ஏழு கிலோ என்று வந்தது. பத்துக்குள்தான். சட்டப்படி சுத்தம். நாற்பது நிமிடத்தில் எவ்வளவு பேசிவிட முடியும்? அழுது முடிக்கக்கூட நேரம் காணாது.

உச்சத்தை நான் கணக்கிடவில்லை என்று சொன்னால் அது பொய். மேஜை ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். இருபத்து மூன்றாம் நிமிடத்தில் தொடங்கி இரண்டு நிமிடம், எழுபது கிலோ. ஒரு முழு ஆள் நெஞ்சில் ஏறி உட்காருகிற கனம், அதுவும் நாலு விரல் அகல இருக்கைப் பட்டை வழியாக. பூமியிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கென்றால் கன்றிப்போகும். கனமில்லாத இந்த மண்ணில் ஆறு வருடம் இருந்தவர்களின் எலும்பு சுண்ணாம்புக் கட்டிக்குச் சமம். அதுவும் எனக்குத் தெரியும். கொஞ்சம் வலிக்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு. சரி, அவருக்கும்தான். பிறகு பென்சில் எழுத்தைக் கட்டை விரலால் தேய்த்து அழித்துவிட்டுக் கைரேகை வைத்தேன். எண் பூட்டிக்கொண்டது.

மறுநாள் காலை வழியனுப்பு வாசலில் எல்லோரும் நின்றோம். இங்கிருந்து கூண்டை மின் தண்டவாளத்தில் மேலே எறிவார்கள். நிலையத்தில் சாமான் ஏற்றிக்கொண்டு அதே கூண்டில் இறங்கி வர வேண்டும். ஜெசிந்தா தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

“அக்கா, இன்னைக்கு நீங்க போங்க.”

“என்ன?”

“எனக்குக் காலு சுளுக்கிட்டு” என்று சொல்லிவிட்டு, சுளுக்கின கால் எது என்று அவளுக்கே மறந்துபோய் இரண்டு கால்களையும் பார்த்தாள். பின்னால் என் கணவர் பரிசுப் பொட்டலத்தை முதுகுக்குப் பின் மறைத்தவர் மாதிரி நின்றார். அப்போதுதான் புரிந்தது, இது இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம்.

நான் பயிற்சி எடுத்தவள்தான், ஆனால் ஒருமுறைகூட மோதியதில்லை. நாங்கள் இங்கே வந்தது பழைய ராக்கெட்டில். எனக்குப் பயம். ஒரு தடவை வா செம்பா என்று அவர் கூப்பிட்டபோதெல்லாம் வேலையைக் காரணம் சொல்லியிருக்கிறேன்.

“இல்ல, வேற ஆள அனுப்புங்க. நான்... எனக்கு இங்க வேல கெடக்கு.”

எங்கள் தலைமை அதிகாரி பரஞ்சோதி சிரித்தார். “என்னம்மா செண்பகவல்லி, உங்க கணக்கு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?”

சுற்றி நின்ற இருபது பேரும் சிரித்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். நேரத்தைக் குறைத்திருக்கிறேன் சார் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்கு இருபது பேர் முன்னால், அவள் முன்னால், அவர் முன்னால் பதில் சொல்ல வேண்டும். விலா எலும்பு போனாலும் போகட்டும் என்று எனக்குத் தோன்றியது. ஜெசிந்தாவின் கையிலிருந்து தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டேன். அது அவள் தலைச் சூட்டோடு இருந்தது.

ஏறும்போது பூமிக்குத் திரும்புகிற ஏழு பேர் கூடவே இருந்தார்கள், பாட்டும் கும்மாளமுமாக. மேலே நிலையத்தில், பூட்டிய எண்ணை மாற்ற முடியுமா என்று ஒருவரிடம் மெதுவாக விசாரித்தேன். முடியும், ஆனால் கீழே இருக்கிற பொறியாளர் தன் மேஜையில் கைரேகை வைக்க வேண்டும் என்றார். அந்தக் கைரேகைக்கு உரிய கை இங்கே என் மடியில் இருந்தது.

மோதல் தொடங்கியது. உலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. பட்டை லேசாக இழுத்துப் பிடித்தது, புதுச் சட்டை போட்ட மாதிரி. என் இருக்கைப் பக்கம் மட்டும் இருந்த சின்னத் திரையில் எண்கள் எரிந்தன. முப்பத்தொன்பது ஐம்பத்தெட்டு. முப்பத்தொன்பது ஐம்பத்தேழு. நான் கையுறையை அதன்மேல் வைத்து மறைத்தேன்.

அவர் நிதானமாகப் பையைத் திறந்தார். பதினோரு மணி நேரம் இருக்கிறது என்று நினைக்கிற மனிதனின் நிதானம். ஃபிளாஸ்க்கை எடுத்து வைத்தார். ஆரஞ்சை எடுத்தார். “உனக்கு ஒண்ணு காட்டுதேன்” என்று தோலை உரிக்கத் தொடங்கினார். சுருள் அறுபடக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு உரித்தார். அதற்கே நாலு நிமிடம் போயிற்று. எனக்கு அந்த ஆரஞ்சைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

“என்னமோ சொல்லணும்னுதானே கூட்டிட்டு வந்தீங்க, சொல்லுங்க.”

“என்னட்டி அவசரம்? காலம் கெடக்கு.” ஒரு சுளை கொடுத்தார். “எடுத்ததும் சொல்ல வராது செம்பா. ஜெசிகிட்டச் சொல்லவே ஏழெட்டு மோதலாச்சு.”

அந்தப் பெயரைக் கேட்டதும், அந்த நிலைமையிலும், என் வயிறு எரிந்தது.

அவர் டீ குடித்தார். பட்டையின் இறுக்கம் கொஞ்சம் கூடியது. பதினோராவது நிமிடம் வாயைத் திறந்தார்.

“பாப்பாக்கு ஒரு பேரு வெச்சிருந்தோமே. ஞாபகம் இருக்கா?”

எங்களுக்கு ஒரு குழந்தை இருந்தது. ஏழு மாதம் வயிற்றில் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால், இதே ஊரில். ஐந்தாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். இங்கே பத்தில் மூன்று இப்படித்தான் ஆகிறது என்று அவருக்குப் புள்ளிவிவரம் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

“போன தடவ ஜெசி கேட்டா, கொழந்தைக்கு என்ன பேரு வெச்சிருந்தீங்கன்னு. சொன்னேன். நாலு வருசத்துல மொதத் தடவ வாயத் தொறந்து சத்தமா சொன்னேன். எனக்கு அழுகை நிக்கவே மாட்டேன்னுட்டு. அவளும் அழுதா. அப்பம்தான் சொன்னா, அண்ணாச்சி, இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய, அக்காட்டல்லா சொல்லணும், என் சீட்டத் தாரேன்னா.” அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடினார். “ஒனக்கு அழுகை இல்லன்னு நான் சொல்லல. நீ அத நீட்டிட்ட. தெனம் கொஞ்சம் கொஞ்சமா, யாருக்கும் தெரியாம. எனக்கு அப்பிடி வராது. எனக்கு மொத்தமாத்தான் வரும். அதுக்குக் கூட ஆளு வேணும். நாம ரெண்டு பேரும் ஒரு நாள் முழுக்க ஒக்காந்து...”

“பதினோரு மணி நேரம் இல்ல” என்றேன்.

“என்ன?”

கையுறையை எடுத்தேன். அவர் எட்டிப் பார்த்தார். இருபத்தாறு சொச்சம் ஓடிக்கொண்டிருந்தது.

“மெசின் கோளாறா?”

“இல்ல. நான்தான் கொறச்சேன். நேத்து. அவளும் நீங்களும் அவ்வளவு நேரம் ஒண்ணா இருக்கக்கூடாதுன்னு கொறச்சேன்.” சொல்ல ஆரம்பித்ததும் மிச்சமும் வந்துவிட்டது. “இருவத்திமூணாவது நிமிசம் உச்சம் வரும். எழுவது கிலோ. தெரிஞ்சேதான் வெச்சேன்.”

அவர் உடனே கோபப்படவில்லை. நேரம் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்துவிட்டு, என் இருக்கையைக் காட்டினார்.

“இந்தச் சீட்டுல அவள்லா ஒக்காந்திருப்பா.”

“ஆமா.”

“அவளுக்குக் கொழந்த உண்டாயிருக்கு செம்பா. தெரிஞ்சு பத்து நாளாச்சு. இன்னும் புருசன்கிட்டகூடச் சொல்லல. இன்னைக்கு நாம எறங்குனதும் ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தா.”

அதற்குப் பிறகு நடந்தவற்றைக் கோவையாகச் சொல்ல எனக்கு வராது. அவர் தன் மேல்சட்டையைக் கழற்றி நாலாக மடித்து, என் பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் திணித்தார். உங்களுக்கு என்றேன். காதில் வாங்காத மாதிரி தன் பட்டையைச் சரிசெய்தார். திரையில் பதினேழு வந்தது.

“பூனை வந்துட்டு” என்றார். சிரிக்கவில்லை.

முதலில் உண்மையிலேயே ஒரு பூனைதான். பிறகு அது கனத்துக்கொண்டே போனது. மூச்சை வெளியே விட முடிந்தது, உள்ளே இழுக்க முடியவில்லை. இரண்டு நிமிடம் என்று பென்சிலால் எழுதியபோது அது எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தது! நான் நொடிகளை எண்ணினேன். ஐம்பத்திரண்டில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. என்னுடையதா என்று பார்த்தேன். அவருடையது. எண்பதுக்கு மேல் என்னுடையதும். எண்ணிக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். சொல்வதற்குக் காற்று இல்லை, உதடு மட்டும் அசைந்தது. அவர் பார்த்தாரா தெரியாது.

கனம் இறங்கிய பிறகு பதினைந்து நிமிடம் மிச்சம் இருந்தது. பேச நேரம் இருந்தது, மூச்சு இல்லை. அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். காலடியில் ஆரஞ்சுத் தோல் அறுபடாமல் ஒரே சுருளாகக் கிடந்தது.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஜெசிந்தாவின் முகம். சிரித்துக்கொண்டே, எதையோ சொல்லக் காத்திருக்கிற முகம். பின்னால் பரஞ்சோதி எட்டிப் பார்த்தார்.

“என்ன, ரெண்டு பேரும் இப்பிடி வெளுத்துப் போய்க் கெடக்கீங்க? எல்லாம் நல்லபடியா நடந்துச்சா?”

நான் என் கணவரைப் பார்த்தேன். இதைக் கேட்கக்கூடாது என்று சொல்லி அவர் தப்பித்திருக்கலாம். ஒரு சொல்லில் என்னைக் காட்டியும் கொடுத்திருக்கலாம். விலாவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

“பேசுனோம் சார்” என்றார்.

ஜெசிந்தா அவரைத் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வழியனுப்பிய அதே வழவழப்பான தாடை. முள் தாடி இல்லை. ஒரு நாள் முழுக்க வளர்ந்து வருகிற தாடியை எத்தனையோ முறை எதிரே உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

பிறகு நான் எழுந்து வந்த இருக்கையைப் பார்த்தாள். அவளுடைய இருக்கை. பட்டை இறுகி மடிந்த தடத்தைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். கை தானாக இறங்கி அவள் வயிற்றின்மேல் போய் நின்றது.

ஒரு வார்த்தை கேட்டால் நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். மோதலுக்குள் நடந்ததை வெளியில் இருப்பவர்கள் கேட்கக்கூடாது. அவள் கேட்கவில்லை.